பீமனாக வந்த வட்டு வீரர்

தொலைக்காட்சியில் மகாபாரதம் பார்த்திருக்கிறீர்களா? 1988 முதல் 1990 வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடிவிடுவார்கள். அதில் கதாயுதத்துடன் வந்த பீமனை நினைவிருக்கிறதா? ஆறரை அடி உயரம். அதற்கேற்ற உடம்பு.

அவர் பெயர் பிரவீன் குமார் சோப்தி. நடிக்க வருவதற்கு முன்பே அவர் ஆசியாவின் வட்டு எறியும் சாம்பியன். இது பலருக்குத் தெரியாது.

பஞ்சாபில் சர்ஹாலி என்று ஒரு கிராமம். அங்கே 1947 டிசம்பர் 6ஆம் நாள் பிரவீன் குமார் பிறந்தார்.

வட்டு எறிதல் என்றால் என்ன? வட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு இருக்கும். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. ஓரத்தில் இரும்பு வளையம் உண்டு. ஆண்கள் எறியும் வட்டின் எடை 2 கிலோ. பெண்களுக்கு 1 கிலோ. தரையில் ஒரு வட்டம் இருக்கும். அதன் குறுக்களவு இரண்டரை மீட்டர். அதற்குள் நின்று, ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, வட்டை வீச வேண்டும். வீசும்போது கால் வட்டத்துக்கு வெளியே பட்டால் அந்த வீச்சு செல்லாது. கைப்பலம் மட்டும் போதாது. கால், இடுப்பு, தோள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒரு நொடி தவறினால் வட்டு பக்கவாட்டில் போய்விடும்.

1966இல் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பிரவீன் குமாருக்கு அப்போது வயது 19. வட்டு எறிதலில் தங்கப் பதக்கம் வென்றார். கம்பியில் கட்டிய இரும்புக் குண்டைச் சுழற்றி எறிவதும் ஒரு போட்டி. அதிலும் அவருக்கு வெண்கலம் கிடைத்தது. அதே ஆண்டு ஜமைக்கா நாட்டில் நடந்த காமன்வெல்த் போட்டியில், குண்டு எறிந்து வெள்ளி வென்றிருந்தார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

1970இல் மறுபடியும் பாங்காக். மறுபடியும் வட்டில் தங்கம். இந்த முறை 52 மீட்டருக்கு மேல் எறிந்தார். ஏறக்குறைய 170 அடி! 1974இல் டெஹ்ரானில் வெள்ளி. 1968, 1972 ஒலிம்பிக் போட்டிகளுக்கும் போனார். அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. உலக வீரர்கள் அப்போதே 60 மீட்டரைத் தாண்டி எறிந்தார்கள். ஆனாலும் ஆசியாவில் அவர் செய்தது சிறிய காரியம் அல்ல. 1970க்குப் பிறகு, 2023 வரை நடந்த ஆசியப் போட்டிகளில், வேறு எந்த இந்திய ஆணும் வட்டில் தங்கம் வெல்லவில்லை.

எல்லைப் பாதுகாப்புப் படையில் அவர் அதிகாரியாகவும் வேலை பார்த்தார்.

இத்தனை செய்தும் தெருவில் அவரை யாருக்குத் தெரியும்? வட்டு எறிவதைப் பார்க்கக் கூட்டம் கூடுவதில்லை. பீமன் வேடம் போட்டதும் நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. தமிழில் 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்திலும் அவருக்குப் பீம் என்றுதான் பெயர். 2020இல் ஊரடங்கு நேரத்தில் மகாபாரதம் மீண்டும் ஒளிபரப்பானது. அப்போது பேரப்பிள்ளைகளும் அவரைப் பார்த்தார்கள்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பதக்கம் வென்ற மற்ற வீரர்களுக்குப் பஞ்சாப் அரசு தரும் ஓய்வூதியம் தனக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எல்லைப் படையின் ஓய்வூதியம் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

2022 பிப்ரவரி 7ஆம் நாள் டெல்லியில் காலமானார். வயது 74. செய்திகளில் 'மகாபாரதப் பீமன்' என்றுதான் முதலில் போட்டார்கள். வட்டு எறிந்து வென்றதை அதற்கு அடுத்துச் சொன்னார்கள்.