ரேவா மின்சார காருக்கு ஷாக் அப்சார்பர் மாற்றப் போகிறீர்களா? முதலில் எடைக் கணக்கைப் பாருங்கள்!

பெங்களூரு: இந்தியாவில் மின்சார கார் என்ற சொல்லே புதிதாக இருந்த காலத்தில், பெங்களூருவில் உருவாகிச் சாலைக்கு வந்தது 'ரேவா'. இரண்டு கதவுகளும், இரு பெரியவர்களும் இரு குழந்தைகளும் அமரக்கூடிய இடமும் கொண்ட இந்தக் குட்டி கார்களில் பல இப்போது முதுமையை எட்டிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து ஓட்ட விரும்புவோர் முதலில் கை வைப்பது பேட்டரியில். அடுத்ததாக ஷாக் அப்சார்பரில். இந்த இரு வேலைகளும் தனித்தனியானவை அல்ல. பேட்டரி மாறினால் காரின் எடை மாறும்; எடை மாறினால் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும் மாறும். இதன் பின்னணியை இந்தச் செய்தித் தொகுப்பில் காணலாம்.

பெங்களூரு முதல் லண்டன் வரை

பெங்களூருவின் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் 1994-ஆம் ஆண்டு கூட்டாகத் தொடங்கிய முயற்சியே ரேவா. சேத்தன் மைனி முன்னின்று உருவாக்கிய இந்த கார், 2001-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டு முதல் 'ஜி-விஸ்' என்ற பெயரில் லண்டன் நகரச் சாலைகளிலும் ஓடியது. 2010-ஆம் ஆண்டு மஹிந்திரா நிறுவனம் இதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2013-இல் அடுத்த தலைமுறை காரான 'இ2ஓ' அறிமுகமானது. பழைய ரேவாவின் தயாரிப்பு நின்றுபோனதால், அதற்கென்றே செய்யப்பட்ட உதிரிபாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை.

இதனால், பெங்களூரு ஜே.சி. சாலை, சிவாஜி நகர் போன்ற உதிரிபாகச் சந்தைகளில் 'அளவு ஒத்துப்போகும்' வேறு வாகனத்தின் ஷாக் அப்சார்பரைத் தேடும் எண்ணம் உரிமையாளர்களுக்கு எழுவது இயல்பு. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் அப்சார்பர் வேறு

காரின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதோ வேகத்தடையில் ஏறும்போதோ ஸ்பிரிங் சுருங்கி விரிகிறது. அதைத் தடுக்க எதுவும் இல்லையெனில், கார் ஊஞ்சலைப் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி.

அதன் உருளைக்குள் எண்ணெயும், சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட ஒரு பிஸ்டனும் உள்ளன. பிஸ்டன் நகரும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் கசிந்தாலோ, வால்வு தேய்ந்தாலோ இந்தத் தணிப்பு குறைந்துவிடும்.

அப்போது பாதிக்கப்படுவது பயணச் சுகம் மட்டுமல்ல. சக்கரம் துள்ளும் ஒவ்வொரு முறையும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது. பிடிப்பு இல்லாத நேரத்தில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் முழுமையாக வேலை செய்யாது. மேடுபள்ளமான சாலையில் கார் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடும். ஆகவே, தேய்ந்த ஷாக் அப்சார்பர் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை.

சிறிய காருக்கு ஏன் அதிகக் குலுக்கல்?

ரேவாவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சுமார் 1.7 மீட்டர் மட்டுமே. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்த கால் விநாடியில் பின்சக்கரமும் அதே பள்ளத்தில் விழுகிறது. முதல் ஆட்டம் அடங்கும் முன்பே இரண்டாவது அதிர்வு வந்துவிடுவதால், கார் முன்னும் பின்னுமாகத் தலையசைக்கிறது. நீளமான கார்களில் இந்த இடைவெளி அதிகம் என்பதால் குலுக்கல் குறைவாகத் தெரிகிறது.

வேகத்தடைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறைப்படி, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வட்டவடிவ மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். அத்தகைய மேட்டின் மீது ரேவாவின் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் நிற்க முடியும். ஆனால், குடியிருப்புப் பகுதித் தெருக்களில் காணப்படும் பல வேகத்தடைகள் இதைவிடக் குறுகலானவை, செங்குத்தானவை. குறுகிய காருக்கு அவை தரும் அடி மிகவும் கடுமையானது.

பேட்டரியில் ஒளிந்திருக்கும் எடை

ரேவாவின் 'ஐ' மாடல், பேட்டரிகள் இல்லாமல் சுமார் 400 கிலோவும், ஈய-அமில பேட்டரிகளுடன் சுமார் 665 கிலோவும் எடை கொண்டது. அதாவது, மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பேட்டரிக்கே உரியது. 6 வோல்ட் கொண்ட எட்டு பேட்டரிகள் முன் இருக்கைகளுக்குக் கீழே வரிசையாக அமர்ந்துள்ளன. காரின் ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் இந்த எடையை மனதில் கொண்டே தேர்வு செய்யப்பட்டவை.

48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி என்பது 9.6 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் திறன். அதே திறனுள்ள இன்றைய லித்தியம் பேட்டரித் தொகுப்பின் எடை சுமார் 80 முதல் 100 கிலோவாக இருக்கும். ஆக, பேட்டரியை மாற்றியவுடன் காரிலிருந்து ஏறத்தாழ 170 கிலோ இறங்கிவிடுகிறது. இது இரண்டு பெரியவர்களின் எடையைவிட அதிகம்.

எடை குறைந்தால் குலுக்கலும் குறையும் என்று தோன்றலாம். நடப்பது அதற்கு நேர்மாறானது. பாரம் குறைந்த ஸ்பிரிங் விரிந்து, காரின் உடல் உயர்கிறது. அதே ஸ்பிரிங், குறைந்த எடையை இன்னும் வேகமாக ஆட்டுகிறது. இருவர் அமர்ந்திருக்கும் நிலையில் கணக்கிட்டால், காரின் இயல்பான ஆட்ட வேகம் சுமார் 13 சதவீதம் கூடும். பழைய ஷாக் அப்சார்பரின் தணிப்பும், இலகுவான காருக்கு அதே விகிதத்தில் கூடுதலாகிவிடும். விளைவாக, முன்பு மெத்தென்று இருந்த கார் விறைப்பாக மாறிவிடும்.

இந்த நிலையில், 'குலுக்கல் அதிகமாகிவிட்டது' என்று கருதி மேலும் கடினமான ஷாக் அப்சார்பரைப் பொருத்தினால் நிலைமை மோசமாகும். லித்தியத்துக்கு மாறிய காருக்குத் தேவைப்படுவது சற்று மென்மையான ஸ்பிரிங்கும், அதற்கேற்ற குறைந்த தணிப்புமே.

கடினமானது எப்போதும் சிறந்ததல்ல

ஷாக் அப்சார்பர் சுருங்கும்போது ஒரு விதமாகவும், விரியும்போது வேறு விதமாகவும் எதிர்ப்பைத் தருகிறது. விரியும்போது தரும் எதிர்ப்பு அளவுக்கு மீறினால், பள்ளத்தைக் கடந்த சக்கரம் தன் பழைய நிலைக்குத் திரும்பும் முன்பே அடுத்த பள்ளம் வந்துவிடும். அடுத்தடுத்து அமைக்கப்பட்ட சிறு வேகத்தடைகளில் இப்படி நேரும்போது, ஸ்பிரிங் படிப்படியாகச் சுருங்கிக்கொண்டே போய், இறுதியில் அடித்தட்டில் மோதும்.

மோட்டார் சைக்கிள் அல்லது ஆட்டோ ரிக்‌ஷாவின் ஷாக் அப்சார்பரைப் பொருத்துவதிலும் இதே ஆபத்து உள்ளது. இரு முனைகளிலும் உள்ள துளைகள் பொருந்திவிடலாம். ஆனால், உள்ளிருக்கும் வால்வுகள் வேறொரு எடைக்காக அமைக்கப்பட்டவை. முழுமையாக விரிந்த நீளமும், முழுமையாகச் சுருங்கிய நீளமும் மாறினால், சக்கரத்தின் ஓட்ட எல்லையும் மாறிவிடும். நீளம் குறைந்த ஷாக் அப்சார்பர், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இழுபட்டு முறியக்கூடும்.

பேட்டரியின் ஆயுளும் இதில் அடங்கியுள்ளது. தொடர் அதிர்வால் ஈய-அமில பேட்டரித் தகடுகளின் மேற்பூச்சு உதிர்கிறது. எந்த வகை பேட்டரியானாலும் இணைப்பு முனைகள் தளர்ந்தால் அந்த இடம் சூடாகும்.

மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

* காரின் ஒரு மூலையை அழுத்தி விட வேண்டும். ஒருமுறை எழுந்து அமைதியானால் ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் தேய்ந்துவிட்டது. உருளையில் எண்ணெய்க் கசிவும், டயரில் திட்டுத்திட்டான தேய்மானமும் இதற்கான மற்ற அடையாளங்கள்.

* லாரி எடை மேடையில் முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் தனித்தனியே நிறுத்தி எடை பார்க்க வேண்டும். வழக்கமாகப் பயணிப்போர் காரில் அமர்ந்திருப்பது அவசியம்.

* சக்கரத்தின் மையத்திலிருந்து மேல் வளைவு வரையிலான உயரத்தை, பேட்டரி மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். உயர்ந்துவிட்டால், முதலில் கவனிக்க வேண்டியது ஸ்பிரிங்கை.

* டயரின் காற்றழுத்தம், ரப்பர் புஷ், மேல் தாங்கி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். குலுக்கலுக்கு இவையே காரணமாக இருக்கலாம்.

* ஷாக் அப்சார்பரை ஒரே அச்சில் இடது, வலது என ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதானால், பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். முன்பக்கம் மாற்றியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

* வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 48 வோல்ட் குறைவாகத் தெரிந்தாலும், இரும்புக் கருவி முனைகளில் பட்டால் பாயும் மின்னோட்டம் தீக்காயத்தை ஏற்படுத்தும்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தேய்ந்துபோன ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக அதே அளவும் திறனும் கொண்ட புதியதைப் பொருத்துவது பழுதுபார்ப்பு. காரின் உயரத்தையோ, பேட்டரியின் வகையையோ மாற்றுவது வேறு. அத்தகைய வேலையில் இறங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிவது நல்லது. அனுமதியின்றிச் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது தடையாக வரக்கூடும்.