தசைநலிவு நோயின் மூலம்

சிறுவரை 12 வயதளவில் நடையிழக்கச் செய்வது டுஷென் தசைநலிவு; நெடுங்காலம் நடக்கவிடுவது பெக்கர் தசைநலிவு. இரண்டிற்கும் காரணம் எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒரே பரம்பரையலகின் பழுதேயாம். அவ்வலகு ஆக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம், தசைக்கலத்தின் உள்ளிழைகளை மென்சவ்வோடு பிணைத்து, தசை சுருங்குந்தோறும் சவ்வு சிதையாது காப்பது.

பரம்பரையலகின் எழுத்துக்கள் மும்மூன்றாகவே வாசிக்கப்படுகின்றன. மூன்றின் மடங்காக எழுத்துக்கள் நீங்கின், புரதம் இடை குறுகினும் இரு முனையும் நின்று ஓரளவு தொழிற்படும். ஓரெழுத்து மட்டும் நீங்கினோ, அப்பாலுள்ள வாசிப்பெல்லாம் பிறழ்ந்து புரதம் முற்றுப்பெறாதொழியும். முன்னையது பெக்கர், பின்னையது டுஷென். ஆகவே நோயின் கடுமையைப் பெரும்பாலும் விதிப்பது இழப்பின் அளவன்று, அதன் முறையேயாம்.

1988 இல் விளக்கப்பட்ட இவ்விதியே மருத்துவத்துக்கும் வழிகாட்டிற்று. பழுதுக்கு அடுத்த கூற்றைத் தாண்டச் செய்து வாசிப்பைச் சீராக்கும் மருந்தொன்று 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டுஷெனைப் பெக்கரளவிற்கு மெலிவித்தலே அதன் நோக்கம்.