கறுப்புக்காயில் கிடைத்த உலக கிரீடம்!
55-வது நகர்த்தலில் ஆட்டம் தலைகீழ்

"வெள்ளைக்காய் கிடைச்சா பாதி ஜெயிச்ச மாதிரி" என்று சேலத்துத் திண்ணைகளில் செஸ் ஆடுபவர்கள் சொல்வதுண்டு. முதல் நகர்த்தல் வெள்ளைக்குத்தானே! அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார் சென்னை வாலிபர் குகேஷ்.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரனும் 18 வயது குகேசும் தலா 6½ புள்ளி. டிங்குக்கு வெள்ளை; குகேசுக்குக் கறுப்பு.

விடாப்பிடி

மணிக்கணக்கில் இழுத்தது ஆட்டம். இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேசிடம் ஒரே ஒரு சிப்பாய் அதிகம். "டிராதான், நாளைக்கு டைபிரேக்" என்று பார்த்தவர்கள் முடிவு கட்டினார்கள். குகேஷ் மட்டும் விடவில்லை. நகர்த்திக்கொண்டே இருந்தார்.

நடந்தது என்ன?

ராத்திரி முழுக்க லாரி ஓட்டும் நாமக்கல் டிரைவரைக் கேட்டால் சொல்வார்: கண் அசருவது ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான். டிங்குக்கும் அதுவே நடந்தது. நேரமும் குறைவு. 55-வது நகர்த்தலில், "யானைக்கு யானை வெட்டிக்கலாம்" என்பதுபோல யானையைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்.

குகேசே முதலில் கவனிக்கவில்லை. வேறு காயை நகர்த்த இருந்தவர், சட்டென்று பார்த்தார். டிங்கின் மந்திரி மூலைக் கட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது!

யானைகள் வெட்டுப்பட்டன. அடுத்து குகேஷ் தன் மந்திரியை அதன் எதிரே வைத்தார். தப்ப வழியில்லை, மந்திரிகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அந்த ஒரு சிப்பாய் போதாதா? 58-வது நகர்த்தலோடு டிங் கைகொடுத்தார். புள்ளி 7½-6½.

குகேஷ் தேம்பித் தேம்பி அழுதார். அழுதுகொண்டே காய்களை அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார்.

22 வயது சாதனை

1985 நவம்பர் 9-ந்தேதி மாஸ்கோவில் கார்போவைத் தோற்கடித்து, 22 வயதில் சாம்பியன் ஆனார் காஸ்பரோவ். 39 ஆண்டு நின்ற அந்த இளவயது சாதனையை முறியடித்தார் குகேஷ். காஸ்பரோவ் வென்ற கடைசி ஆட்டத்திலும் அவர் கையில் இருந்தது என்ன தெரியுமா?

கறுப்புக்காய்தான்!