காணாப் பொருளைக் கணக்கினாற் காணுதல்

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு ஒளியை உமிழ்வதுமில்லை, தடுப்பதுமில்லை. ஈர்ப்பினாலேயே அஃது உண்டென அறிகிறோம். இவ்விருட்பொருளுக்கும் நமக்கும் இடையே தூதாக ஓர் 'இருட்போட்டான்' இருக்கலாமென்பது விஞ்ஞானிகள் சிலர் கருத்து. கட்புலனாகாத அதனை எங்ஙனம் தேடுவது?

ஜப்பான் தேசத்துத் த்ஸுகுபா நகரில், சுமார் 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில், எலெக்ட்ரான்களும் பாஸிட்ரான்களும் எதிரெதிரே விரைந்து மோதுகின்றன. 2018 முதல் பெல் 2 என்னுங் கருவி அம்மோதல்களைப் பதிந்து வருகின்றது. மோதுமுன் இருந்த சக்தி இவ்வளவென்பது திட்டமாகத் தெரியும், சக்தியோ அழியாது. ஆகவே, மோதியபின் ஒரேயொரு ஒளித்துகள் மாத்திரம் தென்பட்டு, எஞ்சிய சக்தி காணாமற்போயின், அதனைக் கொண்டுசென்ற துகளின் நிறையையுங் கணக்கிடலாம். ஆனால் இரண்டாவதோர் ஒளித்துகள் கருவியின் இடுக்கில் நழுவினாலும் இக்குறையே தோன்றும். ஆதலின், ஒரே அளவு சக்தியுடைய தனி ஒளித்துகள்கள் எதிர்பார்த்ததினும் மிகுதியாய் வந்தாலன்றி எதையுந் துணிதலாகாது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு மோதுகருவியின் பாபர் குழுவினர், இம்முறையால் தேடியும் ஒன்றும் அகப்படவில்லையென 2017-இல் வெளியிட்டனர். அம்முயற்சி வீணன்று. மியூவானின் காந்தத்தன்மையிற் கண்ட வேற்றுமைக்கு இவ்வாறு மறையும் இருட்போட்டானே காரணமென்ற கொள்கை அதனால் விலக்குண்டது. இல்லாத இடத்தை அறிதலும் தேடுதலின் பயனேயாம்.