வேகம் கூட்டிய காருக்கு எந்த ரேடியேட்டர்?

எஞ்சினை ரீமேப் செய்து, பெரிய டர்போ மாட்டி வேகம் கூட்டிய கார், மே மாத மதியத்தில் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறது. ஏ.சி. ஓடுகிறது. சூட்டு முள் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. பட்டறையில் போய்ச் சொன்னால், "தடியான அலுமினிய ரேடியேட்டர் போட்டுடலாம் சார்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். போடலாம்தான். ஆனால் தடிமன் கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவை புரிய, சூடு எங்கே பிறந்து எப்படி வெளியே போகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

எரிபொருள் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மீதிப் பங்கு எஞ்சினின் உடம்பில் ஏறுகிறது. அதைத்தான் கூலன்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அதனால் 100 குதிரைத்திறன் எஞ்சினை 150 ஆக்கினால், முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டும்போது இறக்கி வைக்க வேண்டிய சூடும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும்.

இந்தச் சூட்டை ரேடியேட்டர் எப்படி இறக்குகிறது? அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியைக் குண்டானிலேயே விட்டால் ஆற அரை மணி நேரமாகும். அதையே தாம்பாளத்தில் ஊற்றிப் பரப்பினால் சட்டென்று ஆறும். மேலே விசிறியால் வீசினால் இன்னும் சீக்கிரம் ஆறும். ரேடியேட்டர் அந்தத் தாம்பாளம்தான். முதலில் வாட்டர் பம்ப் கூலன்ட்டை எஞ்சினுக்குள் சுற்ற வைக்கிறது. சூடேறிய கூலன்ட் ரேடியேட்டரின் ஒரு பக்கத் தொட்டிக்கு வருகிறது. பிறகு தட்டையான பல குழாய்களில் பிரிந்து ஓடுகிறது. குழாய்களுக்கு நடுவே மடித்து மடித்து வைத்த மெல்லிய தகடுகளுக்கு ஃபின் என்று பெயர். குழாயின் சூடு ஃபினுக்கு ஏறுகிறது, ஃபினுக்கு இடையே புகுந்து போகும் காற்று அதை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. ஆறிய கூலன்ட் மறுபக்கத் தொட்டியில் சேர்ந்து எஞ்சினுக்குத் திரும்புகிறது.

இனி, தடிமன் ஏன் கடைசி என்று பார்ப்போம். குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த அடுக்குக்குக் கோர் என்று பெயர். கம்பெனி ரேடியேட்டரில் அதன் தடிமன் பெரும்பாலும் 16 முதல் 26 மி.மீ. வரை இருக்கும். கடையில் விற்கும் பெர்ஃபார்மன்ஸ் ரகங்கள் 40, 50 மி.மீ. என்று போகும். தாம்பாளங்களை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தி, முன்னால் ஒரே ஒரு விசிறியால் வீசுவதாக நினைத்துப் பாருங்கள். முதல் தாம்பாளம் நன்றாக ஆறும். அதைத் தாண்டிப் போகும் காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டதால் கடைசித் தாம்பாளத்துக்குப் பெரிதாக உதவாது. அது மட்டுமில்லை, தடியான கோருக்குள் காற்றைத் தள்ள அதிக பலம் வேண்டும். நாற்கரச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்தப் பலம் தானாகவே கிடைக்கும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. ஆகவே இடம் இருந்தால் முதலில் அகலத்தையும் உயரத்தையும் கூட்டுங்கள். பம்பருக்குள் அதற்கு மேல் இடமே இல்லை என்றால்தான் தடிமனுக்குப் போக வேண்டும்.

மதுரைக்காரர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை இறக்கும் என்பது கூலன்ட்டின் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, கொடைக்கானலில் காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. கத்திரி வெயிலில் மதுரைக் காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 55தான். அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் கால்பங்குக்கு மேல் திறன் போய்விட்டது. இதில் ஏ.சி. போட்டால், முன்னால் நிற்கும் ஏ.சி. கண்டென்சர் காற்றை இன்னும் சூடாக்கித்தான் ரேடியேட்டருக்கு அனுப்பும். டர்போ காரில், டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலரும் முன்னால் நின்றால் மூன்றாவது அடுக்கும் சேர்ந்துவிடும். குளிர்நாட்டில் யாரோ ஒருவர் "இது 300 குதிரைத்திறன் தாங்கும்" என்று சொன்னதை வைத்து இங்கே வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்தது ஃபேன். ரேடியேட்டரைவிட இதற்கு முதலில் செலவு செய்யச் சொல்வேன். ஃபேனைக் கோர் மேல் அப்படியே கட்டிவிட்டால் அந்த வட்டத்துக்குள் மட்டும் காற்று ஓடும், மூலைகள் சும்மா இருக்கும். கோர் முழுவதையும் மூடி, காற்றை ஃபேன் வாய்க்குக் கூட்டி வரும் கூண்டுக்கு ஷ்ரௌட் என்று பெயர். பெரிய ரேடியேட்டர் போடும்போது பழைய ஷ்ரௌட் பொருந்தவில்லை என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. புதிய அளவுக்கு ஒன்று செய்து வாங்குங்கள். பிறகு, ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளை நுரைப் பட்டையால் அடையுங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். சந்து கிடைத்தால் ஃபினுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் போய்விடும்.

ஃபின்கள் நெருக்கமாக இருந்தால் நல்லதுதான் என்று தோன்றும். ஆனால் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அறுவடைக் காலத்தில் ஓட்டினால் வைக்கோல் தூசியும் பூச்சியும் ஃபினில் அடைத்துக்கொள்ளும். நம் சமவெளிக்கு நடுத்தர நெருக்கமே போதும். பின்பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். அழுத்தமான பீய்ச்சலில் ஃபின் மடங்கிவிடும்.

அலுமினியமா செம்பா? செம்பு சூட்டை இன்னும் நன்றாகக் கடத்தும், உண்மைதான். பழைய அம்பாசிடரில் இருந்தவை செம்பு-பித்தளை ரேடியேட்டர்கள், ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் அலுமினியத்தில் குழாயை அகலமாகச் செய்ய முடியும், எடையும் குறைவு. இப்போதைய கம்பெனி ரேடியேட்டரில் இரண்டு பக்கத் தொட்டிகளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் இருக்கும். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி அவை நொறுங்கத் தொடங்கும். வேகம் கூட்டிய காருக்குத் தொட்டியும் அலுமினியமாக, பற்றவைப்பு சீராக உள்ளதாகப் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடி சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வீட்டுப் பிரஷர் குக்கர் செய்யும் வேலையை அது அப்படியே செய்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 0.9 பார் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை தாங்கும். மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாசனர்ஸ், 1990களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்தது. அந்தச் சின்னப் பொருளுக்கு அத்தனை துல்லியம் தேவைப்படுகிறது. காருக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்திலேயே மூடி வாங்குங்கள். அதிக அழுத்த மூடி கொதிப்பைத் தள்ளிப்போடுமே தவிர சூட்டைக் குறைக்காது, பழைய ஹோஸ்கள் பிய்ந்தும் போகலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடு குறையும் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குள் இருக்கும் மெழுகு 82 முதல் 88 டிகிரிக்குள் உருகி விரிந்து, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், எரிபொருள் வீணாகும், தேய்மானம் கூடும். பல எஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, சூடு கூடவும் செய்யும்.

ரேடியேட்டருக்குள் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளை உப்பு குழாய்க்குள்ளும் படியும். உப்பு நீக்கிய தண்ணீரில், காருக்குரிய கையேடு சொல்லும் அளவில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். நமக்கு உறைபனி கிடையாது, ஆனாலும் துருவைத் தடுக்க அது வேண்டும். ஊற்றிய பிறகு காற்றுக் குமிழ்களை முழுக்க வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது ரேடியேட்டரும் சூடேறும்.

மாட்டிய பிறகு, ஓ.பி.டி. கருவியைச் செருகி கூலன்ட் சூட்டை எண்ணாகப் பாருங்கள். முதலில் மதியத்தில் ஏ.சி. போட்டு காளவாசல் நெரிசலில் ஊர்ந்து போங்கள். அங்கே மட்டும் சூடேறி, வேகமெடுத்தால் இறங்கினால் கோளாறு ஃபேனில் அல்லது ஷ்ரௌட்டில். பிறகு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுங்கள். வேகம் குறைவு, சுமை அதிகம், அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. அங்கேயும் நாற்கரச் சாலையிலும் சூடேறினால் கோர் போதவில்லை, அல்லது உள்ளே அடைப்பு, அல்லது வாட்டர் பம்ப் பலவீனம். எல்லா இடத்திலும் சூடேறி, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், ரேடியேட்டர் கடைக்குப் போவதற்கு முன்னால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.