காலைவரை காத்திராதீர்கள்

பக்கவாதம் கைகால்களின் நோய் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது மூளையின் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ அது நேரிடுகிறது. மும்பையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்திற்கும் அதிகமானோரிடையே நடந்த ஆய்வில், 456 பேர் முதன்முறையாக இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்களில் ஏறக்குறைய 10 பேருக்கு 3 பேர் 28 நாட்களுக்குள் மரித்தனர்.

முகம், கை, பேச்சு

சந்தேகம் எழுந்தவுடன் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா? ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள், நாக்குழறுகிறதா? இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே புறப்பட வேண்டும். திடீர்ப் பார்வைக்குறைவும், நடைத் தள்ளாட்டமும், இதுவரை அறியாத கடுந்தலைவலியும் அறிகுறிகளே. சில நிமிடங்களில் அவை மறைந்தாலும் ஆறுதலடைந்து படுத்துவிடாதீர்கள். பெரிய தாக்குதலுக்கு முன்வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

நேரமே மருந்து

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். அடைப்பா, இரத்தக்கசிவா என்பதை ஸ்கேன் எடுத்தே அறிய முடியும். ஆகையால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. விழுங்க இயலாமல் புரையேறக்கூடும் என்பதால் தண்ணீரும் புகட்டலாகாது. எண்ணெய் தேய்ப்பதும் புறா இரத்தம் பூசுவதும் நேரத்தையே வீணாக்கும். நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிங்ஸ் சர்க்கிளிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்கள் பல, ஊரிலுள்ள பெரியவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் முடிவுக்காகக் காத்திருக்கின்றன. இரவானால் விடியட்டும் என்கின்றன. சயான் மாநகராட்சி மருத்துவமனையோ அருகிலேயே இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் சேவையும் இம்மாநிலத்தில் 2014 முதல் உண்டு. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் வெள்ளம் தேங்கினால் எவ்வழியாய்ச் செல்வது என்பதையும் இன்றே குடும்பமாகப் பேசிவையுங்கள்.

போதகரும் சபையாரும் வருமட்டும் புறப்படாமலிருக்க வேண்டாம். வண்டியிலும் ஜெபிக்கலாம், நாங்கள் மருத்துவமனைக்கே வந்து ஜெபிப்போம்.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பரிசோதியுங்கள், புகையிலையை விட்டொழியுங்கள். சுகம் பெற்றோம் என்று சாட்சி சொல்லிவிட்டு மாத்திரைகளைத் தாங்களே நிறுத்துவோரும் நம்மிடையே உண்டு. இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றியே உயரும். ஆதலால் மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.