கத்தரித்த காகிதமும் கணக்குப் புத்தகமும்



‘கூப்பன்’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. இலங்கையில் வாழும் மூத்தோரைக் கேளுங்கள். பங்கீட்டு அரிசி வாங்கிய ‘கூப்பன் கடை’யை நினைவுகூர்வர். அது அரசு கொடுத்த சீட்டு. அமெரிக்க இல்லத்தரசியர் கூப்பன் என்று சொல்வதோ முற்றிலும் வேறானது. ‘எங்கள் பொருளை வாங்கினால் ஒரு டாலர் குறைத்துக் கொள்கிறோம்’ என்று வணிகர் விடுக்கும் அழைப்பு அது. முன்னது மக்களின் பசியை எண்ணிப் பிறந்தது. பின்னது வணிகரின் விற்பனையை எண்ணிப் பிறந்தது. இந்த வேறுபாட்டை மறந்தவர், மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டே பணத்தை இழப்பர். மறவாதவரோ அதே சீட்டைக் கொண்டு குடும்பத்தைக் காத்துக்கொள்வர். இரண்டையும் அனுபவித்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன்.

என் தமக்கையின் மகள் நியூஜெர்சி மாநிலத்தில் வாழ்கிறாள். 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவு பல இல்லங்களை உலுக்கியபோது, அவள் இல்லமும் தப்பவில்லை. 2009இல் கணவருக்கு வேலை போயிற்று. இரண்டு சிறு குழந்தைகள், வாடகை வீடு. ஊருக்குச் சொன்னால் பெற்றோர் கலங்குவார்களே என்று சொல்லவுமில்லை. அப்போது பக்கத்து வீட்டு முதிய பெண்மணி ஒருவர் ஒரு கத்தரிக்கோலையும் ஞாயிற்றுக்கிழமை நாளிதழையும் அவளிடம் கொடுத்து, கூப்பன் சேர்க்கும் வழக்கத்தைக் கற்பித்தார்.

எங்கிருந்து வந்தது இச்சீட்டு?

1880களின் பிற்பகுதியில் அட்லாண்டா நகரில், கோகோ கோலா பானத்தை ஒரு குவளை இலவசமாகப் பருகலாம் என்று அச்சிட்ட சீட்டுகள் வழங்கப்பட்டன. சுவைத்தவர் மீண்டும் காசு கொடுத்து வாங்குவார் என்பதே நோக்கம். அந்நோக்கம் வீண் போகவில்லை. பின்னர் மற்ற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 1930களின் பெருமந்தக் காலத்தில், வருமானம் வற்றிய குடும்பங்கள் இச்சீட்டுகளைத் தேடிச் சேர்த்தன.

இது நடைபெறும் முறையும் அறியத்தக்கது. கடைக்காரர் நம்மிடம் குறைத்துக்கொள்ளும் தொகை அவருக்கு இழப்பன்று. பெற்ற சீட்டுகளை அவர் அனுப்பிவைப்பார். பொருளைத் தயாரித்த நிறுவனம் அத்தொகையை ஈடு செய்யும். கையாளும் கூலியாகச் சீட்டு ஒன்றுக்கு 8 சென்ட் தருவதும் வழக்கம். கடையே தன் செலவில் வெளியிடும் சீட்டுகளும் உண்டு. இரண்டையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துப் பயன்படுத்தச் சில கடைகள் அனுமதிக்கும். தேர்ந்த இல்லத்தரசியர் அவ்வாய்ப்புக்காகவே காத்திருப்பர்.

ரசீது சொன்ன கணக்கு

முதல் இரண்டு மாதங்கள் எங்கள் மகள் கண்ணில் பட்ட சீட்டையெல்லாம் கத்தரித்தாள், கத்தரித்ததையெல்லாம் வாங்கினாள். ரசீதின் அடியில், ‘இன்று நீங்கள் மிச்சம் பிடித்தது இவ்வளவு’ என்று அச்சாகியிருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்தாள். ஆனால், மாத இறுதியில் கணவர் எல்லா ரசீதுகளையும் கூட்டிப் பார்த்தபோது, சமையலறைச் செலவு முன்னைவிடக் கூடியிருந்தது! அலமாரி நிறைய தானிய உணவுப் பெட்டிகள். குழந்தைகள் தொடாத பானங்கள். வீட்டு வாடகைக்கோ பணம் போதவில்லை.

“மாமா, ரசீது பொய் சொல்லவில்லை. அது மிச்சத்தைச் சொன்னது, நான் செலவைப் பார்க்க மறந்தேன்” என்று பின்னாளில் ஊருக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னாள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 12 அவுன்ஸ் தானிய உணவு 4 டாலர். கூப்பன் 1 டாலரைக் குறைக்கிறது. கொடுப்பது 3 டாலர். அவுன்ஸுக்கு 25 சென்ட். அதன் அருகிலேயே விளம்பரமில்லாத மற்றொரு பெட்டி, 16 அவுன்ஸ், 2 டாலர் 88 சென்ட். அவுன்ஸுக்கு 18 சென்ட்தான்! சீட்டைப் பயன்படுத்தியவர் ஒரு டாலர் மிச்சம் என்பார். சீட்டில்லாமல் வாங்கியவரே உண்மையில் மிச்சம் பிடித்தவர்.

பட்டியல் முதலில், சீட்டு பிறகு

அன்று முதல் அவள் முறையை மாற்றினாள். முதலில், அவ்வாரம் என்ன சமைப்பது என்று எழுதி, வீட்டில் இருப்பதைக் கழித்து, வாங்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டாள். அதன் பிறகே சீட்டுகளைக் கையில் எடுத்தாள்.

சீட்டுகளிலும் முதல் சல்லடை ஹலால். ஜெலட்டின் சேர்ந்த இனிப்புகள், சில தயிர் வகைகள், மூலம் தெரியாத கொழுப்புச் சேர்ந்த பண்டங்கள் ஆகியவற்றின் சீட்டுகள், எவ்வளவு பெரிய தள்ளுபடியாயினும், குப்பைக்கூடைக்கே சென்றன. எஞ்சியவற்றை மடிப்பு மடிப்பாக விரியும் கோப்புறை ஒன்றில் பிரித்து வைத்தாள்: மாவும் தானியமும், எண்ணெய், பால் பொருள்கள், சலவைப் பொருள்கள், குழந்தைகளுக்கானவை. ஒவ்வொரு மடிப்பிலும் காலாவதி தேதி நெருங்கியது முன்னே, தள்ளியது பின்னே. மாதத்தின் கடைசி நாளில் காலம் கடந்தவற்றை அகற்றிவிடுவாள். வாரம் ஒரு மணி நேரத்திற்கு மேல் இதில் செலவிடுவதில்லை என்றும் வரையறுத்துக்கொண்டாள்.

கோப்புறையைவிடப் பெரிய துணை ஒரு சிறு கணக்குப் புத்தகம். அதில் ‘மிச்சம்’ என்ற கட்டமே இல்லை. கையைவிட்டுப் போன தொகை மட்டும் எழுதப்பட்டது. மாதா மாதம் அத்தொகை குறைந்தது. சோப்பும் சலவைத்தூளும் பற்பசையும் கெட்டுப்போகாதவை. விலை இறங்கும்போது சீட்டையும் சேர்த்து வாங்கி வைத்தாள். உணவுப் பொருளில் ஒரு மாதத் தேவைக்கு மேல் சேர்த்ததில்லை. கணவருக்கு மறுபடி வேலை கிடைக்கும்வரை, கடன் வாங்காமல் அக்குடும்பம் காலத்தைக் கடந்தது, அல்ஹம்து லில்லாஹ்!

இயந்திரம் ஏற்றாலும்...

இவ்வழியில் ஒரு படுகுழியும் உண்டு. பெரிய அளவுப் பொருளுக்குரிய சீட்டை, மலிவான சிறிய அளவுப் பொருளுக்குக் கொடுத்தாலும், பட்டைக்குறியீட்டைப் படிக்கும் இயந்திரம் சில நேரங்களில் ஏற்றுக்கொள்ளும். ‘இயந்திரமே ஏற்கிறது, உனக்கென்ன?’ என்று அவளுக்கும் ஒருவர் யோசனை சொன்னார். சீட்டில் அச்சிட்டிருப்பது கொடுப்பவரின் நிபந்தனை; அதை ஏற்றுத்தானே சீட்டை நீட்டுகிறோம் என்று அவள் மறுத்துவிட்டாள். வறுமை வாசலில் நின்றபோது இந்த மறுப்பு எளிதானதன்று. போலிக் கூப்பன் அச்சிட்டு விற்றவர்கள் 2021இல் வர்ஜீனியா மாநிலத்தில் சிறைத் தண்டனை பெற்றார்கள். அவர்களால் விளைந்த இழப்பு 3 கோடி டாலருக்கும் மேல். அது சட்டத்தின் கணக்கு. யாரும் காணாத இடத்தில் பேணும் அமானிதத்திற்கோ வேறு கணக்கு இருக்கிறது.

பேராசையும் அத்தகையதே. 2010இன் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’ என்றொரு நிகழ்ச்சி தோன்றியது. வீடு முழுதும் பொருளைக் குவித்தவர்களை அது காட்டியது. கடையின் அலமாரியை ஒருவரே துடைத்தெடுத்தால், அடுத்து வரும் ஏழைத்தாய் வெறுங்கையுடன் திரும்ப மாட்டாளா?

நம் இல்லங்களில்

இன்று அங்கே காகிதச் சீட்டு அருகி, கைப்பேசிச் செயலியில் கூப்பன் வருகிறது. நம் ஊர்க் கடைகளிலும் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அழைப்புக்குக் குறைவில்லை. ரமலானுக்கு முந்திய வாரத்தில் நம் வீட்டுப் பைகளின் கனத்தை நினைத்துப் பாருங்கள்!

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தேவையானதை நிறைவாக வாங்குங்கள். ஆனால், கடைக்குப் புறப்படுமுன் பட்டியல் எழுதுங்கள். விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். ‘இது இல்லாவிட்டால் இன்று முழு விலை கொடுத்து வாங்கியிருப்பேனா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘இல்லை’ என்று மனம் சொன்னால், அத்தள்ளுபடி உங்களுக்குரியதன்று. மீந்த தொகையில் ஒரு பங்கை, அடுப்பெரியாத அண்டை வீட்டுக்கென ஒதுக்குங்கள்.

எங்கள் மகள் அந்தப் பழைய கோப்புறையை இன்னும் வைத்திருக்கிறாள். சீட்டுகள் இப்போது அதில் இல்லை. அந்தச் சிறு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதன் அடுத்த பக்கங்களில் அவள் பிள்ளைகள் தங்கள் செலவை எழுதி வருகிறார்கள்.